லூப் சாலைக்கு ஆய்வு செய்யப் போகிறவர்கள் தங்கள் சார்பை என்ன செய்வது?

எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வு முன்வரைவைக் கொண்டுவந்து நீட்டும்போது, முறையியல் பகுதியில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: 'இந்த ஆய்வு எவ்விதச் சார்பும் இன்றி, நடுநிலையோடு மேற்கொள்ளப்படும்.' மூத்தவரின் ஆய்வேட்டிலிருந்து இளையவருக்கு வந்து, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய், என் பணிக்காலம் முழுவதும் எழுத்து மாறாமல் உயிரோடிருந்த வாக்கியம் அது. அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கத் தொடங்குவேன். ஓய்வு பெற்ற பிறகும் அடையாற்றில் என் வீடு தேடி வருகிறவர்களுக்கு இதையேதான் செய்கிறேன். வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

சார்பு கெட்டது என்பதற்காகவோ நல்லது என்பதற்காகவோ அதை அடிப்பதில்லை. அந்த வாக்கியத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத எதற்கும் முறையியல் பகுதியில் இடம் கிடையாது, அவ்வளவுதான். அதன் இடத்தில் என்ன எழுதலாம், களத்தில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

பேச ஒரு தலைப்பு வேண்டுமே. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் கடலையொட்டிப் போகும் லூப் சாலையை எடுத்துக்கொள்வோம். நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள். சாலையோரம் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்கள். சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலுக்குத் தப்பி இந்த வழியாக வரும் வாகனங்கள். 2023இல் இந்தக் கடைகளின் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2024இல் நொச்சிக்குப்பத்தில் மாநகராட்சி கட்டிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. இதே தலைப்போடு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி மீன் விற்கும் குடும்பத்துப் பெண். மற்றவன் ராஜா அண்ணாமலைபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவன். அதே சாலையில் தினமும் பைக்கில் போகிறவன். இருவர் முன்வரைவிலும் அந்த வாக்கியம் அச்சுப் பிசகாமல் இருந்தது.

முதலில் ஒரு பக்கம்

களத்துக்குப் போகும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தத் தலைப்பு உங்களை ஏன் பிடித்துக்கொண்டது? அந்தத் தெருவில் நீங்கள் யாராகத் தெரிவீர்கள்? எந்த முடிவு வந்தால் மகிழ்வீர்கள்? எந்த முடிவு வந்தால் சங்கடப்படுவீர்கள்? கீழே தேதி போட்டு நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். கையில் வைத்திருந்தால் பிறகு திருத்தத் தோன்றும்.

நான்கில் கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தப் பெண் எழுதினாள்: 'புதிய அங்காடி எங்கள் பெண்கள் சிலருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியவந்தால் வீட்டில் என்ன சொல்வேன்?' அவன் எழுதினான்: 'நெரிசலுக்குக் கடைகள் காரணம் இல்லை என்று வந்துவிட்டால், இத்தனை நாள் திட்டியதற்கு என்ன செய்வது?' இரண்டுமே அவர்கள் எழுதிய பத்துப் பக்க முன்வரைவைவிட நேர்மையானவை. இவற்றிலிருந்து நேராக ஒரு வேலை கிடைக்கிறது: எந்த விடை உங்களைச் சங்கடப்படுத்துமோ அதைத் தேடிப் போவதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். அது தானாக எதிரில் வந்து நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. வந்து நின்றாலும் நம் கண் அதைத் தாண்டித்தான் போகும்.

இந்த இடத்தில் யாராவது ஒரு மாணவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை இழுத்துவருவார். 'விழுமியங்களை, அதாவது எது நல்லது, எது முக்கியம் என்ற நம் மதிப்பீடுகளை, வெளியே நிறுத்த வேண்டும் என்று வெபரே சொல்லியிருக்கிறாரே?' வழிகாட்டி நூல்களில் அவருக்கு நேர்ந்த கதி இது. சமூக நிகழ்வுகள் எல்லையற்றவை, அவற்றில் எது அறியத்தக்கது என்பதை நம் விழுமியங்களே தேர்ந்துகொள்கின்றன என்று 1904இல் எழுதியவர் அவர். 1895இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று ஆற்றிய உரையில் தம் தேசிய அரசியலை ஒளிவுமறைவின்றிப் பேசியவரும் அவர்தான். 1909இல் வியன்னாவில் ஜெர்மன் அறிஞர்களோடு அவர் மோதியது வேறு விஷயத்துக்காக. எது விரும்பத்தக்கது என்ற தீர்ப்பை அறிவியலின் முடிவுபோலப் பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள் என்பதே அவர் வாதம். 1917 நவம்பரில் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசியபோது, ஓர் ஆசிரியரின் முதல் கடமை மாணவருக்கு அவர் கட்சிக்கு ஒவ்வாத உண்மைகளை ஒப்புக்கொள்ளப் பழக்குவது என்றார். நான் எழுதச் சொல்லும் கடைசிக் கேள்வி அங்கிருந்து எடுத்ததுதான்.

எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்?

'லூப் சாலை மீனவருக்கா, வாகனங்களுக்கா?' என்பது இருவரின் ஆய்வுக் கேள்வி. ஆயிரம் பேரிடம் படிவம் நிரப்பினாலும் இதற்கு விடை வராது. ஆயிரம் பேரின் கருத்து வரும். கருத்துக்கணிப்பில் யார் வென்றார் என்பது சாலை யாருக்கு உரியது என்பதற்குப் பதில் இல்லை.

அதற்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கேள்விகளுக்கு விடை உண்டு. ஒரு வாகனம் இந்தச் சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது? எந்தெந்த மணியில்? தாமதம் கடைக்கு முன்னாலா, சந்திப்பிலா? சாலையோரம் விற்றபோது ஒரு பெண்ணுக்கு மிச்சம் எவ்வளவு, அங்காடிக்குள் எவ்வளவு? பழைய வாடிக்கையாளர் உள்ளே வருகிறாரா? கடைசியில் ஒருவர் 'ஆகவே கடைகள் இருக்கலாம்' என்றோ 'கூடாது' என்றோ சொல்லும்போது, அவர் எந்த எண்ணிக்கையிலிருந்து எந்த விருப்பத்துக்குத் தாவினார் என்பது வெளிச்சமாகத் தெரிந்துவிடும். தாவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாவிய இடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள் என்கிறேன்.

எண்ணிக்கை என்றால் சார்பு இல்லை என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய. அந்தப் பையன் தன் வாகனக் கணக்கெடுப்பை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருந்தான். ஞாயிறு காலை சென்னையில் பாதிப் பேர் மீன் வாங்கக் கிளம்புகிற நேரம். அந்த நேரத்தில் மட்டும் எண்ணினால் விடை முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. அவள் வைத்திருந்தது செவ்வாய்க்கிழமை பிற்பகல். அதுவும் அதே வேலைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. இரண்டையும் சேர்த்து, வார நாளும் ஞாயிறும், காலையும் மாலையும், பதினைந்து பதினைந்து நிமிடமாக எண்ணச் சொன்னேன். மாதமும் முக்கியம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வரத்தும் விலையும் மாறும். பொங்கலையொட்டிக் கேட்ட வருமானத்தை ஆண்டு வருமானம் என்று அட்டவணையில் போடக் கூடாது.

வினாநிரலை எதிராளியிடம் கொடுங்கள்

'அங்காடிக்குள் போனதால் உங்கள் வாழ்வாதாரம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது?' என்பது அவள் எழுதியது. 'சாலையோரக் கடைகளால் உங்களுக்கு ஏற்படும் சிரமங்கள் யாவை?' என்பது அவனுடையது. பாதிப்பு உண்டா, சிரமம் உண்டா என்று கேட்பதற்கு முன்பே அளவு கேட்கிறார்கள். இதை எழுதியவர்களால் கண்டுபிடிக்க முடியாது; நூறு முறை படித்தாலும் இயல்பாகவே தெரியும். ஆகவே என் வழி எளியது: உங்கள் முடிவை விரும்பாத ஒருவரிடம் வினாநிரலைக் கொடுத்து, எரிச்சல் வரும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். என் வீட்டுத் திண்ணையில் இருவரும் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். சண்டை போட்டார்கள். காபி ஆறிப்போனது. ஆனால் எழுந்து போகும்போது இருவர் கையிலும் 'அங்காடிக்கு மாறுவதற்கு முன்பும் பின்பும் ஒரு நாள் விற்பனையைச் சொல்லுங்கள்' என்பதுபோல், எந்தப் பக்கமும் சாயாத கேள்விகள் இருந்தன.

கேட்கிறவர் யார்?

இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். தமிழ்நாட்டுக் களத்தில் சார்பு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய ஊரில் ஆய்வு செய்து 1965இல் நூல் வெளியிட்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் குடியிருப்பில் தாம் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார் என்பது தெரிவதால், அரை நூற்றாண்டு கழித்துப் படிக்கிற நம்மால் எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட முடிகிறது. 'நான் நடுநிலையாளன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வசதி நமக்குக் கிடைத்திருக்காது.

நொச்சிக்குப்பத்தில் திண்ணை என்பது உங்களை உள்ளே அழைத்துப் போகிறவர். ஊர்ப் பஞ்சாயத்தார் வழியாகப் போனால் ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். தொண்டு நிறுவனம் வழியாகப் போனால் கோரிக்கை மனு வாசகம் வாயில் வரும். மாநகராட்சி ஊழியரோடு போனால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். ஒரே வழியாகப் போகாதீர்கள்; எந்த நேர்காணல் யார் வழியாகக் கிடைத்தது என்று படிவத்தின் மூலையில் குறித்துவையுங்கள்.

பிறகு ஆளை மாற்றிப் பாருங்கள். 1942இல் மெம்ஃபிஸ் நகரில் அமெரிக்க ஆய்வாளர்கள் கறுப்பின மக்களிடம் ஒரே கேள்விகளைச் சிலருக்கு வெள்ளையரைக் கொண்டும் சிலருக்குக் கறுப்பினத்தவரைக் கொண்டும் கேட்டார்கள், பதில்கள் வேறுபட்டன. நாங்கள் சிறிய அளவில் அதையே செய்தோம். பாதி மீன்காரப் பெண்களை அவன் சந்தித்தான், மீதியை அவள். அவனிடம் அவர்கள் சொன்னது: 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது தம்பி. என்ன மீன் வேண்டும், சங்கராவா வஞ்சிரமா?' அவளிடம் சொன்னது: 'உனக்குத் தெரியாததா கண்ணு?' அதோடு பேச்சு முடிந்தது.

வெளியாளுக்குக் கதவு திறக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளாளுக்குத் திறந்த கதவின் பின்னால் மௌனம் இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. 'உனக்குத் தெரியாததா?' என்ற இடத்தில் உள்ளாள் தன் சொந்த அறிவை ஊற்றி நிரப்பிவிடுவாள். தட்டச்சு செய்யும்போது அது அந்தப் பெண்மணியின் கருத்தாக ஏறிவிடும். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம்: 'தெரியும் சின்னம்மா, ஆனாலும் ஊருக்குப் புதிதாக வந்தவளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.' அதன் பிறகு வந்தவைதான் நேர்காணல்கள்.

அதிகாரி சொன்னால் தகவல், மீன்காரி சொன்னால் புலம்பலா?

ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1967இல் வெளிவந்த கட்டுரையில் ஒன்றைச் சுட்டினார்: எந்த அமைப்பிலும் மேலே இருப்பவர் சொல்வதை நாம் கேள்வியின்றி நம்புகிறோம், கீழே இருப்பவர் சொல்வதை எழுதினால் மட்டும் 'சார்பு' என்று குற்றம் சாட்டுகிறார்கள். உங்கள் முதல் வரைவை எடுத்து, வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். பொறியாளர் 'தெரிவித்தார்', 'விளக்கினார்' என்றும், மீன் விற்கும் பெண் 'குறைகூறினார்', 'புலம்பினார்', 'குற்றம் சாட்டினார்' என்றும் இருந்தால், உங்கள் நடுநிலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். எல்லாரையும் 'கூறினார்' என்று மாற்றிவிட்டு, இருவர் கூற்றையும் ஒரே மாதிரி சோதியுங்கள். அங்காடியில் நாற்பது பேருக்கு மின்விசிறி இருக்கிறது என்று அதிகாரி சொன்னால் போய் எண்ணுங்கள். வியாபாரம் பாதியாகிவிட்டது என்று ஒரு பெண் சொன்னால் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கூடையை எண்ணுங்கள்.

பெக்கரைப் படித்துவிட்டு 'நான் எளியவர் பக்கம்' என்று கொடி ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் 1968இல் பதில் எழுதியிருக்கிறார். விழுமியச் சார்பின்மை ஒரு கட்டுக்கதை என்று அதற்கு முன்பே எழுதிய அவர்தான் இதையும் எழுதினார். எளியவரோடு நின்று நடுத்தட்டு ஊழியரைத் திட்டுவது சுலபம். ஆய்வுக்குப் பணம் தருகிற மேல்தட்டு அதில் தப்பித்துவிடுகிறது என்பது அவர் குத்தல். நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளிலும் வில்லன் எப்போதும் ஏதோ ஒரு கீழ்நிலை ஊழியர்தான். யாராவது நிதி தந்து ஆய்வு செய்வதானால், முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை எனக்கு உண்டு என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

பாதிக்கப்பட்டவரே ஆய்வாளரானால்

'நடுநிலை என்பது மேல்சாதிக்காரர்களின் விளையாட்டு மேடம், எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?' என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள். கேள்வியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்பவர் ஒரு சாதி, தகவல் திரட்டுபவர் வேறு சாதி என்ற பிரிவினையை அரசியல் அறிவியலாளர் கோபால் குரு 2002இல் எழுதியபோது பல துறைகளில் நாற்காலிகள் நெளிந்தன. யார் கேள்வி கேட்கிறார்கள் என்பது மாறாமல் எந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன என்பதும் மாறாது.

ஆனால் அவளுக்கு நான் இன்னொருவரைப் படிக்கக் கொடுத்தேன். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. சாதியால் அவரைவிட அதிகம் காயப்பட்டவர் அந்த அறையில் இருந்திருக்க முடியாது. அந்தக் கட்டுரையின் முடிவில், அறிவியலில் உணர்ச்சிக்கு இடமில்லை என்றும், தம் கருத்து தகர்க்கப்பட்டாலும் மகிழ்வேன் என்றும் சொல்கிறார். அவருக்கு விழுமியம் இல்லாமல் இல்லை. தம் பக்கத்து வாதம் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறை அது. உள்ளாளாக இருப்பது நல்ல கேள்வியைத் தரும், விடையைத் தராது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் அந்த விவாதம் எங்களுக்குள் நடக்கிறது.

பதில்களை வகைப்படுத்தும்போது

நேர்காணல்களை 'திருப்தி', 'அதிருப்தி' என்று வகைப்படுத்தும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். இருபது நேர்காணல்களை எடுத்து, இருவர் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறியிடுங்கள். எத்தனையில் ஒத்துப்போகிறது என்று பார்த்து, தற்செயலாக ஒத்துப்போயிருக்கக்கூடிய அளவைக் கழிக்க வேண்டும். ஜேகப் கோஹன் 1960இல் தந்த கப்பா அளவை அதற்குத்தான். ஒரே கருத்துடைய இரு நண்பர்கள் உட்கார்ந்தால் கப்பா அழகாக உயரும், பயன் ஒன்றும் இருக்காது. இருவரும் ஒரே கண்ணாடியைப் போட்டிருந்தார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். கருத்து மாறுபடுகிறவரோடு உட்காருங்கள்.

எங்கள் இருவரும் மோதிக்கொண்ட இடம்: 'கூரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆனால் ரோட்டில் உட்கார்ந்தால்தான் கார்க்காரர் நிறுத்துவார்' என்ற பதில். அவன் திருப்தி என்றான், அவள் அதிருப்தி என்றாள். இரண்டு பெட்டியும் போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. வசதி தனி, வியாபாரம் தனி என்று பிரித்தார்கள். அவளைச் சங்கடப்படுத்தும் விடை அங்கே கிடைத்தது; கூரையையும் தண்ணீரையும் மனமாரப் பாராட்டிய பெண்கள் இருந்தார்கள். அவனுக்கும் கிடைத்தது. அவன் எண்ணிய நேரங்களில் பாதையை அடைத்தவை பெரும்பாலும் மீன் வாங்க வந்தவர்கள் நிறுத்திய கார்கள்.

பரிந்துரை அத்தியாயம்

விழுமியங்களை வெளிப்படையாகப் பேசுவதற்குரிய இடம் இது. கண்டறிந்தவற்றோடு கலக்காமல் தனி அத்தியாயமாக வையுங்கள். ஸ்வீடன் பொருளியலாளர் குன்னர் மிர்தால் வலியுறுத்தியதுபோல் எந்த விழுமியத்திலிருந்து பேசுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: 'வாகனங்கள் தடையின்றிப் போவதே முதன்மை என்று கொண்டால், கடைகளை விடக் கார் நிறுத்தத்தைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும், கரையோரப் பெண்களின் வருமானமே முதன்மை என்று கொண்டால், அங்காடியின் முகப்பு சாலையிலிருந்து தெரிய வேண்டும்.' முதல் பாதியை மறுக்கிறவர்கூட இரண்டாம் பாதியைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

மூலத் தரவைத் தூக்கிப்போடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். இருவேல்பட்டு, பாலகுறிச்சி, கங்கைகொண்டான் போன்ற ஊர்கள். அந்த ஊர்களுக்கே திரும்பப் போய் எடுத்த மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது; பிறகு அடையாற்றில் இருக்கும் எம்.ஐ.டி.எஸ். (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வாளர்களும் போனார்கள். அந்த மாணவர்களின் மனச்சாய்வு என்னவாக இருந்தாலும், நிலமும் கூலியும் எண்ணிக்கையாக எழுதப்பட்டிருந்ததால் பின்வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது. பெயர், வீட்டு எண், அடையாளம் காட்டும் எதையும் நீக்கிவிட்டு வாகனக் கணக்கையும் குறியிட்ட தாளையும் பின்னிணைப்பில் சேருங்கள். சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது, கேட்டதைத் திரிக்காமல் இருப்பது இரண்டும்கூட விழுமியங்கள்தான். இவற்றையும் வெளியே வைத்துவிட்டு வருகிறவர் ஆய்வே செய்ய முடியாது.

சமர்ப்பிக்கும் முன் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, கேட்ட இடத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். மீன்காரப் பெண்களுக்கும், நேர்காணல் தந்த வாகன ஓட்டிகளுக்கும் தனித்தனியாக. ஆட்சேபம் வரும். தகவல் தவறு என்று காட்டினால் திருத்துங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் திருத்தாதீர்கள், ஆனால் அந்த ஆட்சேபத்தைச் சொன்னபடியே பின்னிணைப்பில் சேருங்கள். நொச்சிக்குப்பத்தில் இதற்குக் காலை நேரம் வேண்டாம். விற்பனை முடிந்து, கூடை கழுவி, சாப்பிட்டு எழுந்த பிறகு போங்கள்.